கல்லின் மறுபிறப்பு

(சொறிக்கல்முனையில் நடைபெற்ற எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சங்க மேடையில் ஏறுவோர் சமயம் பேசுவர், இலக்கியம் பேசுவர், சமூகத் தொண்டு பற்றிப் பேசுவர். நாமோ இன்று ஒரு கல்லைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். கல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைத்து முன்வரிசையிலுள்ள பெரியவர்கள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட வேண்டாம். இந்தக் கல்லுக்கும் நமது வெள்ளாமைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

பேச்சுக்குக் காரணமாய் இருந்தது ஒரு கேள்வி. பெரும்போக விதைப்புக் காலத்தில் ஒரு நாள் வட்டையிலே வரம்பிற் குந்தியிருந்த பெரியவர் ஒருவர் எம்மைக் கூப்பிட்டுக் கேட்டார்: "மகன், கம்பஸ்ஸில படிக்கிற புள்ள நீ. எப்பாவலையில ஒரு மலையே பசளையாக் கிடக்காமே. அதை வெட்டி அரைச்சு நம்மட வயலுக்கும் போட்டா என்ன? கப்பல்ல வாற பசளைக்கு ஏன் நாம வாயைப் பாத்துக்கிட்டு இருக்கணும்?"

கேள்வி நியாயமானது. ஆனால் உடனே விடை சொல்ல எம்மால் முடியவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்றன், பெரியப்பா" என்று சொல்லித் தப்பினோம். அன்றிலிருந்து தேடியதன் பயனே இன்றைய பேச்சு.

அந்தக் கேள்வி வெறும் வாய்ப்பேச்சாக எழுந்ததன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்ததையும், பயிர் மஞ்சளித்து நின்றதையும், அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிய பின்பும் பசளை கைக்கெட்டாத விலைக்கு ஏறியதையும் இங்குள்ள எவரும் மறக்கவில்லை. பொசுபேற்றுப் பசளையாகிய ரி. எஸ். பி. நம் வயல்களுக்குப் போகம் போகமாக வராமலே இருந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா 36,000 தொன் ரி. எஸ். பி. பசளையை நன்கொடையாக அனுப்பி, ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் மூலம் நெற் செய்கையாளருக்குப் பகிர்ந்தளித்தபோதுதான் பலர் அதை மீண்டும் கண்ணாற் கண்டனர். ஊருக்குச் சோறு போட்ட கைகள் ஒரு மூடைப் பசளைக்காக வரிசையில் நின்றன. அந்த வரிசையில் நின்றவரே எம்மைக் கேட்டவரும்.

பொசுபரசு யாருக்கு வேண்டும்?

முதலில் பொசுபரசு என்பது என்ன என்று பார்ப்போம். 1669ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்தில் பிராண்ட் என்னும் இரசவாதி, பொன் செய்யும் ஆசையால் மனிதச் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சி வற்றவைத்தார். பொன் கிடைக்கவில்லை, இருட்டிலே ஒளிரும் ஒரு பொருள் கிடைத்தது. அதற்கே ஒளியைத் தாங்குவது என்னும் பொருள்படப் பொசுபரசு என்று பெயர் வந்தது.

வளர்ந்த மனிதன் ஒருவனின் உடம்பில் ஏறக்குறைய 700 கிராம் பொசுபரசு உண்டு. அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எலும்பைக் கெட்டியாக்குவது கல்சியம் பொசுபேற்று. நாம் உறவினரைத் தகனஞ் செய்து, காடாற்றி, எலும்பு பொறுக்கிக் கடலிலே கரைக்கின்றோமே, அந்த வெள்ளை எலும்பு பெரும்பாலும் கல்சியம் பொசுபேற்றேயாம். நெருப்பு சதையைக் கொண்டுபோகும். பொசுபேற்றைக் கொண்டுபோக அதனால் முடியாது. அது மண்ணிலிருந்து வந்தது. மண்ணுக்கும் நீருக்குமே திரும்புகிறது.

நெற்பயிரும் அப்படியே. வேர் ஓடுவதற்கும், மட்டம் வெடிப்பதற்கும், கதிரில் மணி பிடிப்பதற்கும் பொசுபரசு வேண்டும். ஒரு தொன் நெல் வயலை விட்டுப் போகும்போது ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று கிலோ பொசுபரசு அதனோடு போய்விடுகிறது. நைதரசனைக் காற்றிலிருந்து எடுக்கலாம். யூரியாவை ஆலையிலே ஆக்கலாம். பொசுபரசு காற்றில் இல்லை. எந்த ஆலையும் அதை இல்லாத இடத்திலிருந்து ஆக்கித் தரமாட்டாது. உலகம் முழுவதும் அது கல்லிலிருந்தே வருகிறது. அந்தக் கல்லின் பெரும்பகுதி மொரோக்கோ நாட்டின் வசம் இருக்கிறது. ஆகவே, நம் நாட்டில் அத்தகைய கல் கிடக்கிறதென்றால் அது அற்ப செய்தியன்று.

முதற் பிறப்பு

நாம் மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில், ஆய்வுகூடத்து அலுமாரியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் ஒன்று முதல் பத்து வரை இலக்கமிட்ட குழிகள். கற்களை வன்மை வரிசைப்படி அடுக்குவதற்காக அமைந்த பெட்டி அது. ஒன்றாவது நகத்தாற் கீறக்கூடிய மாக்கல், பத்தாவது வைரம். வைரத்தின் குழி வெறுமையாக இருந்ததென்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது குழியில் பச்சை நிறமாய் மங்கலான ஒரு துண்டு கிடந்தது. அதன் பெயர் அபதைற்று. கிரேக்க மொழியில் ஏமாற்றுவது என்று பொருள். வேறு மணிக்கற்களைப் போலத் தோன்றி ஆட்களை ஏமாற்றியதால் 1786ஆம் ஆண்டில் வேர்னர் என்னும் ஜெர்மன் அறிஞர் இப்பெயரைச் சூட்டினார். ஆறு முகப் பட்டையாக வளரும் பளிங்கு இது. கல்சியம் பொசுபேற்றோடு புளோரினோ குளோரினோ சேர்ந்து அமைந்தது. நம் எலும்பிலுள்ளதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரம்.

அனுராதபுர மாவட்டத்தில் தலாவைக்கும் கெக்கிறாவைக்கும் இடையே எப்பாவலை என்னும் ஊர் இருக்கிறது. 1971ஆம் ஆண்டில் அங்குள்ள சிறு குன்றுகளிலே இந்த அபதைற்று பெருந்தொகையாகப் புதைந்திருப்பதைப் புவிச்சரிதவியற் பகுதியினர் கண்டறிந்தனர். இருப்பு சுமார் 6 கோடி தொன் என மதிப்பிடப்பட்டுள்ளது.

அது அங்கே எப்படி வந்தது? ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் ஆழத்திலிருந்து ஓர் அபூர்வமான பாறைக் குழம்பு மேலெழுந்தது. பாறைக் குழம்பென்றால் பொதுவாகக் கருங்கல்லாக உறையும் சிலிக்கேற்றுக் குழம்பையே நினைப்போம். இதுவோ சுண்ணக் குழம்பு, காபனேற்று நிறைந்தது. உறைந்தபோது வெண்மையான சுண்ணப் பாறைக்குள்ளே அபதைற்றும், காந்தத்தில் ஒட்டும் இரும்புக் கனியமும் பளிங்காகத் திரண்டன. இவ்வகைப் பாறையைக் காபனதைற்று என்பர். இதுவே முதற் பிறப்பு. நெருப்பிலிருந்து நேரே பிறந்த கனியங்களை முதல்நிலைக் கனியங்கள் என்று சொல்வர்.

நம் கிழக்குக் கரையிலும் பொசுபேற்றுக் கனியம் ஒன்று உண்டு. புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைற்றோடு சிறிதளவு கலந்து கிடக்கும் மொனசைற்று அது. அதுவும் உள்நாட்டுப் பாறையிலே முதல்நிலையாகப் பிறந்தது. ஆற்றோடு வந்து அலையாற் கழுவுண்டு மணலிற் சேர்ந்தது. இடம் மாறியதேயன்றி உருமாறவில்லை. எப்பாவலையிலோ இடம் மாறவில்லை, உரு மாறியது.

மறுபிறப்பு

அந்தப் பாறை காலப்போக்கில் நிலத்தின் மேற்பரப்புக்கு வந்துவிட்டது. மேலிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து போனதே காரணம். வெயிலும் மழையும் அதன்மீது வேலை செய்யத் தொடங்கின.

மழைநீர் வெறும் நீரன்று. காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு அது மென்மையான அமிலமாகிறது. வேர்களும் உக்கிய இலைகளும் மேலும் அமிலத்தை ஊட்டுகின்றன. அந்நீர் இறங்கும்போது முதலிற் கரைவது சுண்ணம். சர்க்கரைப் பந்தலில் தேன்மாரி பெய்ததுபோலச் சுண்ணப் பாறை கரைந்தோட, எளிதிற் கரையாத அபதைற்றுப் பளிங்குகள் எஞ்சி நெருங்கிக் குவிந்தன. அதனாலேதான் அந்தக் குன்றுகளில் பொசுபேற்று இவ்வளவு செறிந்து கிடக்கிறது. நல்ல கல்லில் பொசுபரசு ஒட்சைட்டின் அளவு 30 வீதத்துக்கு மேலாகும்.

அபதைற்றும் முற்றாகத் தப்பவில்லை. அதன் ஓரங்களும் மெல்ல மெல்லக் கரைந்தன. கரைந்த பொசுபேற்று நீரோடு ஓடிப் போயிருக்கலாமே? போகவில்லை, போக விடவில்லை. அங்கே இரும்பும் அலுமினியமும் காத்திருந்தன. நம் நாட்டுச் செம்மண்ணில் மழையாற் கரைந்தோடாமல் எஞ்சுபவை இவ்விரண்டுமே. இவை பொசுபேற்றைக் கண்டால் விடமாட்டா, இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு பகுதி மறுபடியும் அபதைற்றாகவே படிந்தது. மற்றொரு பகுதி இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்து புதிய கனியங்களாகப் படிந்தது. இவையே இரண்டாம் நிலைக் கனியங்கள். கல்லின் மறுபிறப்பு என்று நாம் சொல்வது இதையே. பழைய பச்சைப் பளிங்குகளைச் செந்நிறச் சாந்து இட்டுப் பிணைத்தாற்போல இன்று எப்பாவலைக் கல் காட்சி தருகிறது. மேலெல்லாம் குழியும் புழையுமாய், தொட்டால் கை சொரசொரக்கும்.

இப்படிப்பட்ட கல்லை நாம் என்ன பெயரால் அழைப்போம்? சொறிக்கல் என்போம்! எமது ஊரின் பெயரிலேயே சொறிக்கல் இருக்கிறது. ஊருக்கு அப்பெயர் வந்த வரலாற்றைப் பெரியவர்களே சொல்லவேண்டும். ஆயினும் எப்பாவலைக் கல்லைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை வேறேது?

பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கபில தகநாயக்க முதலிய ஆய்வாளர், 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இன்னுமோர் அரிய காட்சியை அங்கே கண்டெழுதினர். கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் பாசி போன்ற நுண்ணுயிர்கள் படலம் படலமாக வளர, அப்படலங்களோடு பொசுபேற்றும் அடுக்கடுக்காகப் படிகிறது. ஆகவே, மறுபிறப்பு பழங்காலத்தோடு முடிந்துபோன செயலன்று. அது இன்றும் நடக்கிறது. உயிருள்ளவையும் அதற்குத் துணை நிற்கின்றன.

கிரண்டலைற்று என்னும் பூட்டு

அலுமினியம் பிடித்துக்கொண்ட இந்தக் குடும்பத்தைச் சற்று அருகிற் சென்று பார்ப்போம். இக்குடும்பத்துக்குத் தலைமை தாங்கும் கனியத்தின் பெயர் கிரண்டலைற்று. 1917ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துச் சுரங்கமொன்றிற் கிடைத்த மாதிரியை லொஃப்லின், ஷாலர் என்னும் இருவர் ஆராய்ந்து, கிரண்டல் என்ற பொறியியலாளரின் பெயரை அதற்கு இட்டனர்.

கல்சியம் ஒரு பங்கு, அலுமினியம் மூன்று பங்கு, பொசுபேற்று இரண்டு பங்கு, இவற்றோடு ஐதரொட்சைல் என்னும் நீரின் கூறு. இதுவே அதன் கட்டமைப்பு. வன்மை அபதைற்றைப் போல ஐந்து. நீரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். வெள்ளை, மஞ்சள், சாம்பல், கபிலம் ஆகிய நிறங்களிற் கிடைக்கும். கண்ணாற் காணக்கூடிய நற்பளிங்காகக் கிடைப்பது மிக அரிது. பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள் போலவும், மெல்லிய நார்க் கட்டு போலவும், கல்லின் மேற் பொருக்குப் போலவுமே இருக்கும். கையிலெடுத்தவர் களிமண் என்று எறிந்துவிடுவர். எக்ஸ் கதிரினாற் சோதித்த பின்பே இன்னதென்று உறுதி சொல்லலாம்.

இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. கல்சியம் இருக்க வேண்டிய ஆசனத்திலே வேறு விருந்தாளிகளையும் அது இருத்திவிடும். துரந்தியம் இருந்தால் கோயசைற்று என்றும், பேரியம் இருந்தால் கோர்சேக்சைற்று என்றும், சீரியம் முதலிய அருமண் மூலகங்கள் இருந்தால் புளொரன்சைற்று என்றும் பெயர் மாறும். வீடு ஒன்று, குடியிருப்போர் வேறு. அவுஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் என்னுமிடத்திலும் எப்பாவலையிற்போலக் காபனதைற்றுப் பாறை மழையால் அழிந்து, இக்குடும்பக் கனியங்கள் அருமண் மூலகங்களைத் தம்முள் அடக்கி வைத்திருக்கின்றன. இன்று அவ்விடம் உலகின் பெயர்பெற்ற அருமண் சுரங்கங்களுள் ஒன்று.

எல்லாவற்றிலும் முக்கியமான குணம் இனிமேற்றான் வருகிறது. அபதைற்றிலே பொசுபேற்றைக் காப்பது ஒரு கதவு என்றால், கிரண்டலைற்றிலே அது பூட்டிய கதவு. அமிலம் மேலும் ஏறினால் கல்சியமும் ஓடிப்போய், அலுமினியம் மட்டும் காவல் நிற்கும் வேறு பொசுபேற்றுக்கள் தோன்றும். மழை எவ்வளவு கழுவினாலும் பொசுபேற்று மண்ணை விட்டு நீங்காமல் இருப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. மண்ணுக்கு இது சேமிப்பு. பயிருக்கோ பூட்டிய பெட்டகம். பசித்தவன் முன்னே பெட்டகத்தை வைத்தால் பசி தீருமா?

நெல் ஏன் கல்லைத் தின்பதில்லை?

இப்போது வரம்பிலிருந்த பெரியவருக்கு விடை சொல்லத் தொடங்கலாம்.

எப்பாவலைக் கல்லை அரைத்துப் பசளையாக விற்கிறார்கள். லங்கா பொசுபேற் என்னும் அரச நிறுவனம் அதைச் செய்கிறது. அது தேயிலைக்கும் இறப்பருக்கும் தென்னைக்கும் போகிறது. மலைநாட்டுத் தேயிலை மண் புளிப்பு மண். அந்தப் புளிப்பு கல்லை மெல்லக் கரைக்கும். அப்பயிர்களும் பல்லாண்டு நிற்பவை. மெல்லக் கிடைத்தாலும் காத்திருக்கும். இவ்வாண்டு இட்டது அடுத்த ஆண்டு கிடைத்தாலும் தென்னைக்கு நட்டமில்லை.

நெல்லோ மூன்று, நான்கு மாதத்து விருந்தாளி. முளைத்த சில கிழமைகளுக்குள்ளேயே அதற்குப் பொசுபரசு வேண்டும். அது மட்டுமன்று. வயலில் நீர் கட்டியதும் மண்ணின் புளிப்புத் தணிந்து நடுநிலைக்கு வந்துவிடுகிறது. புளிப்பில்லாத நீரிலே அபதைற்று கரையாது. ஆகவே, கல்லின் தூளை நம் வயலிற் கொட்டினால் அது பெரும்பாலும் தூளாகவே கிடக்கும். ரி. எஸ். பி. என்பதும் கல்லிலிருந்து வந்ததே. ஆனால் ஆலையிலே பொசுபோரிக்கமிலத்தால் அதன் கதவை உடைத்து, நீரிற் கரையும்படி செய்து அனுப்புகிறார்கள். நாம் கப்பலுக்குக் கொடுக்கும் காசு கல்லுக்கு மட்டுமன்று. அந்தக் கதவை உடைத்த கூலிக்கும் சேர்த்தே.

நம் வயலுக்குள்ளேயும் ஒரு சிறு எப்பாவலை இருக்கிறது என்றால் வியப்பீர்கள். வரம்போரத்துத் தேங்கிய நீரில் துருநிறமாய், எண்ணெய் மிதந்தாற்போல ஒரு படலம் மினுங்குவதைக் கண்டிருப்பீர்கள். அது இரும்பின் வேலை. வயல் காய்ந்து கிடக்கும்போது மண்ணிலுள்ள இரும்பு துருவாகி, நாம் இட்ட பொசுபேற்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீர் கட்டியதும் காற்றின்றித் துரு இளகுகிறது, பிடி தளர்கிறது, பொசுபேற்று நெல்லின் வேருக்குக் கிடைக்கிறது. வாய்க்காலில் நீர் வருவது பயிரின் தாகத்துக்கு மட்டுமன்று. மண்ணின் பூட்டைத் திறப்பதற்கும் தான். நீர் நின்று காற்றுப் புகாத சேற்றிலே சிலவேளை விவியனைற்று என்னும் வேறோர் இரண்டாம் நிலைப் பொசுபேற்றும் உண்டாகும். சேற்றுக்குள் இருக்கும்வரை நிறமற்றது. வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். கல்லுக்கும் நாணம் உண்டு போலும்!

ஆகவே, போகம் போகமாகப் பொசுபேற்றுப் பசளை இட்ட வயலில் பழைய முதல் கொஞ்சம் சேர்ந்திருக்கக்கூடும். எந்த வயலில் எவ்வளவு என்பதை ஊகத்தாற் சொல்ல முடியாது. மண்ணைச் சோதித்தே அறியலாம்.

பூட்டைத் திறக்க வேறு வழி இல்லையா? உண்டு. கிரண்டலைற்றுக்கு அமிலத்தைவிட நெருப்பே நல்ல சாவி. ஏறக்குறைய 500 பாகை சென்ரிகிரேட்டிற் சுட்டால் அதனுள்ளிருக்கும் நீரின் கூறு ஆவியாகிப் போய், கட்டமைப்பு இடிந்து, பொசுபேற்று எளிதில் வெளிவரும் நிலையை அடைகிறது. நம் கடலுக்குத் தென்கிழக்கே இந்துமா சமுத்திரத்திலுள்ள கிறிஸ்மஸ் தீவிலும் இக்கனியம் ஏராளமுண்டு. அதைச் சுட்டுப் பசளையாக்கினார்கள். பிரேசில் நாட்டுக் கிரண்டலைற்று இனக் கற்களைச் சுட்டு, நீர் கட்டிய நெல்லுக்கு இட்டுப் பார்த்த ஆய்விலும், சுடாத கல்லைவிடச் சுட்ட கல்லே பயிருக்கு உதவியது. ஒரு காலத்தில் குப்பையென்று ஒதுக்கிய கல் நெல்லுக்கே பயன்பட்டது என்னும் செய்தி, நெல் விளைக்கும் நமக்கு நம்பிக்கை தருவதன்றோ?

வெட்டலாம், எவ்வளவு, எப்படி?

"அப்படியானால் ஆலையைக் கட்டு, மலையை வெட்டு" என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். அந்த எண்ணம் முன்னரும் எழுந்தது. 1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கம்பனிகள் பங்குகொண்ட ஒரு திட்டத்தின்படி, எப்பாவலைக் கல்லை முப்பது ஆண்டுகளில் 2 கோடியே 60 இலட்சம் தொன்னளவு வெட்டியெடுத்து, திருக்கோணமலையில் ஆலை அமைத்துப் பசளையாக்கி ஏற்றுமதி செய்ய ஏற்பாடாயிற்று. அக்காலத்தில் அரச நிறுவனம் ஆண்டொன்றுக்குச் சுமார் 40,000 தொன் எடுத்து வந்தது. கணக்குப் பார்ப்போம். அந்த வேகத்தில் எடுத்தால் 650 ஆண்டுகளுக்குப் போதுமானதை முப்பது ஆண்டில் முடித்துவிடும் திட்டம் அது.

அதனோடு போகவிருந்தது கல் மாத்திரமா? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. கலா வாவியிலிருந்து அனுராதபுரத்துத் திசா வாவிக்குச் செல்லும் ஜயகங்கை என்னும் பழைய கால்வாய் அப்பகுதியூடாகவே ஓடுகிறது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் அமைந்தது; 87 கிலோமீற்றர் நீளமானது; முதற் பதினேழு மைலில் மைலுக்கு ஆறு அங்குலம் மட்டுமே இறங்குமாறு வெட்டப்பட்டது. வாய்க்காலின் அருமை வாய்க்காலை நம்பி வாழும் நமக்குத் தெரியும். இங்கினியாகலையில் அணைக்கட்டுக் கதவு திறக்கும் செய்திக்கு நாம் எப்படிக் காத்திருக்கின்றோமோ, அப்படியே அவர்களும் காத்திருப்பவர்கள்.

எப்பாவலைப் பகுதியைச் சேர்ந்த எழுவர் உயர் நீதிமன்றத்தின் படியேறினர். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் திகதி நீதியரசர் அமரசிங்க தீர்ப்பெழுதினார். இருப்பு எவ்வளவு என்பதை முழுமையாக ஆராய்ந்து, சுற்றாடலுக்கு வரும் தாக்கத்தையும் சட்டப்படி மதிப்பிடுமுன் ஒப்பந்தம் எதுவும் செய்யக்கூடாது என்பது தீர்ப்பு. நாட்டின் இயற்கைச் செல்வத்துக்கு அரசு தனியுரிமையாளன் அன்று, காவலனே என்னும் கருத்தை அது வலியுறுத்தியது. மன்னன் நிலத்தின் காவலன் மட்டுமே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்குச் சொன்னதாக வரும் மரபுச் செய்தியையும் நினைவூட்டியது. கோயிற் சொத்துக்கு வண்ணக்கர் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர் என்பது நமக்குப் புதிதா?

காவலில்லாத செல்வத்தின் கதியைப் பசுபிக் சமுத்திரத்து நவுறுத் தீவு காட்டும். தீவில் பொசுபேற்று நிறைந்து கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிறநாட்டார் வெட்டத் தொடங்கினர். 1968இல் சுதந்திரம் பெற்ற பின் சில காலம் பெருஞ் செல்வத்தில் மிதந்தனர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் நல்ல கல்லின் பெரும்பகுதி தீர்ந்தது. எஞ்சியது பயிர் செய்ய முடியாத கூரிய பாறை முனைகள்.

ஆகவே, எமது கருத்து இது. எப்பாவலைக் கல்லைத் தொடவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. நம் வயலுக்கு வேண்டிய அளவு எடுக்கவேண்டும். எடுத்ததை நெல் உண்ணும் உணவாக்கும் அறிவை நம் நாட்டிலேயே வளர்க்கவேண்டும். அந்த அறிவு வளருமுன் மலையை விற்பது, விதைநெல்லை விற்றுப் பொரி வாங்குவது போலாகும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவே பொசுபேற்று இடலாம். மாட்டெருவையும் எலும்புத் தூளையும் வயலுக்குத் திருப்பலாம். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே விடலாம். அதில் மிகுதியாய் உள்ளது பொட்டாசியமே, பொசுபரசின் பெரும்பங்கு மணியோடு போய்விடும். ஆயினும் கொஞ்சமும் கொஞ்சந்தானே? எமது சங்க இளைஞர்கள் விதைப்புக்கு முன்பு வட்டை வட்டையாக மண் மாதிரி எடுத்து, விவசாயத் திணைக்களத்தின் உதவியோடு சோதித்து, பெறுபேற்றை ஒரு கொப்பியிற் பதிந்து வைத்தால் என்ன? கோயில் வளவைத் துப்புரவு செய்வது தொண்டு; வயலின் கணக்கை எழுதுவதும் தொண்டே. நமது வயல்களுக்கு அடுத்த வயல்கள் கிறிஸ்தவ அன்பர்களுடையவை, முஸ்லிம் சகோதரர்களுடையவை. ஒரே வாய்க்கால், ஒரே மண். அவர்களையும் சேர்த்துக்கொண்டு இதைச் செய்தால் பயன் இரட்டிப்பாகும்.

பெரியப்பா இன்று கூட்டத்தில் நாலாம் வரிசையில் இருக்கிறார். அவருக்குச் சொல்லிவிட்டு அமர்கின்றோம். பெரியப்பா, எப்பாவலையில் மலை கிடப்பது உண்மை. அது ஒரு முறை நெருப்பிற் பிறந்து, மறுமுறை மழையிற் பிறந்த கல். இயற்கை அதைப் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டை உடைப்பது எளிது. சாவி செய்வது கடினம். சாவி செய்யப் படிக்க வேண்டியவர்கள் எம்மைப் போன்ற பிள்ளைகள். அதுவரை பெட்டகம் களவு போகாமற் பார்க்க வேண்டியவர்கள் நாம் எல்லோரும்.